சம்மதம் என்றால் என்ன? சட்டக் கல்லூரிகளைக் கேட்கிறோம்

நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போகிறார்கள். ஆலைக் கூலிக்கும் துறைமுகச் சுமைக்கும் தோல் பதனிடும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் என்று ஊரை விட்டு வந்த தலைமுறையின் பேரனும் பேத்தியும் இன்று மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் சட்டக் கல்லூரி வாசலில் விண்ணப்பத் தாளோடு நிற்கிறார்கள். கருப்புக் கோட்டைக் கண்டாலே ஒதுங்கி நின்ற குடும்பத்தில் கருப்புக் கோட்டுப் போட ஒருவர் வருகிறார் என்றால், அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. ஆனால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்துகிற பெற்றோர் சார்பில் ஒரு கேள்வி கேட்கும் உரிமை இந்த ஏட்டுக்கு உண்டு. அந்தக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? முக்கியமாக, அந்தப் பிள்ளையைப் பெற்ற தாயின் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சட்டம் படிக்கிறவர் எவரும் தாண்ட வேண்டிய பாடம் ஒன்று உண்டு: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு, இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே சம்மதம் என்கிறது. 14ஆம் பிரிவு, அந்தச் சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும், வற்புறுத்தலாலும் தகாத செல்வாக்காலும் ஏமாற்றாலும் பெற்றது சுதந்திரச் சம்மதம் ஆகாது என்கிறது. 17ஆம் பிரிவில் உதாரணமாக ஒரு மகள் வருகிறாள். அப்போதுதான் பருவ வயது எட்டிய மகள். அவளுக்குத் தகப்பன் ஒரு குதிரையை விற்கிறான். குதிரையில் குறை இருக்கிறது. வேற்றாளாக இருந்தால் வாய் மூடி இருக்கலாமாம். தகப்பன் மகள் என்ற உறவு இருப்பதால் குறையைச் சொல்வது தகப்பன் கடமை என்கிறது சட்டம். நல்ல நீதிதான். குதிரை வாங்கும் மகள்கள் மட்டும் நம் தெருவில் இல்லை.

நம் மகள் கையெழுத்துப் போடுவது வேறு பத்திரத்தில். ஊரில் தகப்பனார் காலமாகி இருப்பார். கருமாதிக்கோ கோயில் கொடைக்கோ பிள்ளை குட்டிகளோடு ரயிலேறிப் போன இடத்தில், மறுநாள் காலையில் அண்ணன் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அழைத்துப் போவார். "ஒரு கையெழுத்துத்தானேம்மா, உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்பார் பெரியப்பா. பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருப்பார். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்" என்று அதில் எழுதியிருக்கும். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பது அவளுக்குத் தெரியும். நாளை புருஷன் கைவிட்டாலோ வேலை போனாலோ அந்த ஒரு வாசல்தான் மிச்சம். போட்டுவிட்டு வருகிறாள். அந்த நிலத்தின் அன்றைய மதிப்பு என்ன என்று யாராவது அவளுக்குச் சொன்னார்களா? குதிரையின் குறையைச் சொல்வது கடமை என்ற சட்டம், இங்கே எங்கே போயிற்று?

இது சின்ன விஷயம் அல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-ல் கலைஞர் ஆட்சியில், மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குமுன்பே மணமாகிவிட்ட மகள்களுக்கு அப்போதும் இல்லை. மராட்டியத்தில் 1994-ல் வந்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் நாடு முழுவதற்கும், மணமானவள் ஆகாதவள் என்ற பேதம் இன்றி வந்தது. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. இத்தனையும் சட்டக் கல்லூரியில் குடும்பச் சட்டத் தாளில் சொல்லிக் கொடுக்கப்படும். நம் பிள்ளையும் எழுதி மதிப்பெண் வாங்கும். ஆனால் சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து எப்படித் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பது எந்தத் தாளில் இருக்கிறது? குடும்பச் சட்டம் ஒரு வகுப்பில், ஒப்பந்தச் சட்டம் இன்னொரு வகுப்பில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில்தான் நம் சகோதரிகளின் பங்கு காணாமல் போகிறது.

'சம்மதம்' என்ற இதே சொல் குற்றவியல் வகுப்பிலும் வருகிறது. அங்கே அது நிலம் சம்பந்தப்பட்டதல்ல, உடல் சம்பந்தப்பட்டது.

1972 மார்ச் மாதம் மராட்டியத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி இரண்டு காவலர்களால் சீரழிக்கப்பட்டாள். தாய் தகப்பன் இல்லாத, கூலி வேலை செய்து பிழைத்த பெண். வயது 14-க்கும் 16-க்கும் இடையில் என்று மருத்துவர் கணித்தார். மதுரா வழக்கு என்று சட்ட நூல்களில் அது பெயர் பெற்றுவிட்டது. 1974-ல் செஷன்ஸ் கோர்ட்டு காவலர்களை விடுதலை செய்தது. அவள் ஏற்கெனவே ஆணுறவுக்குப் பழகியவள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1976-ல் பம்பாய் ஐகோர்ட்டின் நாகபுரிக் கிளை அதைத் தள்ளித் தண்டனை கொடுத்தது. பயத்தில் செயலற்றுப் போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று சொன்னது. 1978 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சலிட்டதற்குச் சான்று இல்லை, ஆகவே சம்மதம் என்று போயிற்று தீர்ப்பு. இரவு நேரம், காவல் நிலையம், கதவு சாத்தியிருக்கிறது, எதிரில் நிற்பவன் போலீஸ்காரன். கூச்சலிட்டு யாரைக் கூப்பிடுவாள்? போலீஸையா?

அப்போது பேசியவர்கள் யார் தெரியுமா? சட்டம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள். உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979 செப்டம்பர் 16-ல் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அடங்கிப் போவதெல்லாம் சம்மதம் ஆகிவிடாது என்பதையும், ஏழை ஆதிவாசிப் பெண் ஒருத்திக்கும் சீருடை அணிந்தவனுக்கும் இடையே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கோர்ட்டு பார்க்கத் தவறியதையும் எடுத்துரைத்தார்கள். நாட்டின் உச்ச நீதிபதிகளுக்கு, வகுப்பில் மாணவனுக்குச் சொல்வதுபோல் பாடம் சொன்ன கடிதம் அது. பம்பாயில் பெண்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் ஊர்வலம் போனார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் குற்றங்களில், நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் கோர்ட்டு அதை உண்மை என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான்.

அந்த நால்வரில் லோதிகா சர்க்கார் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்லிப் பல்கலைக் கழகத்தில் சட்டம் கற்பித்தவர். இந்தியப் பெண்களின் நிலை பற்றி ஆராய அரசு அமைத்து 1974-ல் அறிக்கை தந்த குழுவில் உறுப்பினராக இருந்தவர். நாட்டுப் பெண்களின் நிலையைக் கண்கொண்டு பார்த்துவிட்டு வகுப்புக்குள் போன ஆசிரியை. அப்படிப் பார்த்தவர்களுக்குத்தான் தீர்ப்பில் இல்லாமல் போனது எது என்று தெரிந்தது.

இங்கே நம் தமிழையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் குற்றத்துக்கு நம் நாளேடுகள் வெகுகாலம் 'கற்பழிப்பு' என்று எழுதிவந்தன. அழிந்தது அவள் கற்பு என்று சொல்லிவிட்டால், குற்றம் செய்தவன் பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. இழந்தவள் பெயர்தான் கெட்டது. வல்லுறவு, பாலியல் வன்முறை என்ற சொற்கள் இன்று வந்துவிட்டன. சட்டத்தின் மொழியும் அப்படித்தான் இருந்தது. புகார் கொடுத்தவள் நடத்தை கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் தனியாக ஓர் உட்பிரிவே இருந்தது. அது நீங்க 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வர வேண்டியிருந்தது. நூற்று முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு சட்ட மாணவனும் அந்த உட்பிரிவைப் படித்துத்தான் வக்கீல் ஆனான். எழுதப்பட்ட சட்டம் போய்விட்டது. படித்தவர்கள் மனத்திலிருந்து அது போயிற்றா என்பதுதான் கேள்வி.

போகவில்லை என்பதற்கு அத்தாட்சி 2020-ல் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்கு மத்தியப் பிரதேச ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை என்ன? ராக்கி பண்டிகை அன்று மனைவியோடு, ராக்கிக் கயிறும் இனிப்பும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், கயிறு கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் வழக்கப்படி 11,000 ரூபாயும் அவள் மகனுக்குத் துணிக்கும் இனிப்புக்கும் 5,000 ரூபாயும் கொடுக்க வேண்டும். யார் முகத்தைப் பார்க்கவே அவள் நடுங்குவாளோ அவனையே அவள் வாசலுக்கு அனுப்பி, அண்ணன் ஆக்கிவிட்டது கோர்ட்டு! ஒன்பது பெண் வக்கீல்கள் மேலே போனார்கள். 2021 மார்ச் 18 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்த நிபந்தனையை நீக்கியது. அதோடு நிற்கவில்லை. சட்டப் பட்டப்படிப்பில் இதுபற்றி என்ன கற்பிக்க வேண்டும் என்று பார் கவுன்சில் அறிஞர்களைக் கலந்து சட்டக் கல்லூரிகளின் ஆலோசனைக்கு வைக்க வேண்டும். வக்கீல்கள் எழுதும் அகில இந்தியத் தேர்வின் பாடத்திட்டத்தில் பாலியல் குற்றங்களையும் ஆண் பெண் சமத்துவ உணர்வையும் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. நோய் நீதிபதியின் மேசையில் வெளிப்பட்டாலும் அதன் வேர் கல்லூரியின் பெஞ்சில் இருக்கிறது என்று நாட்டின் உயர்ந்த கோர்ட்டே ஒப்புக்கொண்ட செய்தி இது. 2023 ஆகஸ்டில், பெண்களைப் பற்றிய தப்பான முன்முடிவுகளைத் தீர்ப்பிலும் வாதத்திலும் தவிர்க்க ஒரு கையேட்டையும் அதே கோர்ட்டு வெளியிட்டது.

கல்லூரிப் பெஞ்சில் என்ன இருந்தது? பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளைப் புரட்டினால், பெண்களுக்கான நீதி, பெண்களும் குற்றவியல் சட்டமும் என்ற தாள்கள் இருக்கவே செய்தன. எங்கே? விருப்பப் பாடப் பட்டியலில். ஒப்பந்தம் கட்டாயம், சொத்து கட்டாயம், சாட்சியம் கட்டாயம். மக்களில் பாதிப் பேரைப் பற்றியது விருப்பம். கல்லூரியில் அந்தத் தாளை நடத்த ஆள் இருந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் வேறொன்றை நடத்தலாம். விருப்பம் என்று வைத்தால் யார் விரும்பிப் படிப்பார்கள்? ஏற்கெனவே பட்டுத் தெரிந்த பெண்பிள்ளைகள் படிப்பார்கள். தெரிய வேண்டிய பையன் கம்பெனிச் சட்டத்துக்குப் போய்விடுவான். நாளை அவன்தான் சர்க்கார் வக்கீலாக வந்து நிற்பான்.

ஆனாலும், ஒரு தாளைக் கட்டாயமாக்கினால் மட்டும் காரியம் முடியும் என்று நாம் நினைக்கவில்லை. இது தனித் தாளுக்குள் அடைபடுகிற சங்கதி அல்ல. தொழிலாளர் சட்ட வகுப்பையே எடுத்துக்கொள்வோம்.

ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்று விதி இருந்தது. அதே விமானத்தில் சேவை செய்த ஆண்களுக்கு இந்த விதி எதுவும் இல்லை. 1981-ல் நர்கேஷ் மிர்சா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கர்ப்ப விதியைச் செல்லாதென்றது. ஆனால் கல்யாண விதியை விட்டுவைத்தது. ஆணும் பெண்ணும் வேறு வேறு பதவி வகுப்பைச் சேர்ந்தவர்கள், பதவிப் பெயர் வேறு, சேரும் முறை வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்பது அங்கே ஏற்கப்பட்ட வாதம். இதைப் படிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது விமானக் கதை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டட வேலைக் கதை. கல் சுமக்கிற, கலவை சுமக்கிற, அதே ஏணியில் ஏறுகிற ஆணுக்குப் பெரியாள் என்று பெயர். பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். பெயரை மாற்றிவிட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்கிறார் மேஸ்திரி. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை நீட்டினால், "இது வேறு வேலை ஐயா" என்பார். மேஸ்திரி ஏர் இந்தியா தீர்ப்பைப் படித்தவர் அல்ல. ஆனால் அவர் வாதமும் அதே வாதம்தான்.

1987-ல் இதே பம்பாயில் எழுந்த ஒரு வழக்கில் பதில் கிடைத்தது. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். ஆட்ரி டி கோஸ்டா என்ற ஊழியர் வழக்காடினார். பெண்களுக்குத் தனிப் பிரிவு, அவர்கள் வேலை வேறு என்று கம்பெனி சொன்னது. கம்பெனியின் நிதிநிலை மோசம் என்றும் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் தள்ளியது. பெயரைப் பார்க்காதே, செய்யும் வேலையைப் பார். சம ஊதியம் கொடுக்க வசதியில்லை என்பது சட்டத்தின் முன் சாக்கு ஆகாது என்பது தீர்ப்பின் பொருள். சம ஊதிய விதியை இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டப் புத்தகம் மாறுகிறது. சித்தாள் சித்தாளாகவே இருக்கிறார். ஒரு சட்ட மாணவன் காலை ஏழு மணிக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கும் நாக்காவில் வந்து நின்று, யாருக்கு என்ன பேசுகிறார்கள் என்று காதால் கேட்டால், இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆயுளுக்கும் மறக்காது.

இனி, நம் பெண்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல். இங்கே அவர்கள் பெண் மட்டும் அல்ல. வேற்று மொழிக்காரி, வேற்று ஊர்க்காரி. பலர் தாழ்த்தப்பட்டவர் என்று ஊரிலேயே ஒதுக்கப்பட்ட குடும்பத்தவர். இந்த முடிச்சுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே கைக்குச் சிக்காது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற அரசுத் திட்ட ஊழியர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் வன்கொடுமைக்கு ஆளானார். 1995-ல் கீழ்க்கோர்ட்டு குற்றவாளிகளை விடுவித்தது. மேல்சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணிடம் அப்படி நடந்திருக்க மாட்டார்கள் என்ற தினுசில் காரணம் சொல்லப்பட்டது. பெண் என்பதால் நடந்த கொடுமை, சாதியால் நம்பப்படாமல் போனது! அந்தச் சம்பவத்தை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் 1997-ல் வந்த நெறிமுறைகள்தான் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தாய்.

2021-ல் பார்வையற்ற தாழ்த்தப்பட்ட பெண் ஒருவர் பாதிக்கப்பட்ட ஆந்திர வழக்கில், சாதியும் பாலும் ஊனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைச் சுப்ரீம் கோர்ட்டு விரிவாக எழுதியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆயினும் தாழ்த்தப்பட்டோர் வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனையை மட்டும், சாதியின் காரணமாக நடந்ததென்பதற்குத் தனிச் சாட்சியம் வைக்கப்படவில்லை என்று நீக்க வேண்டியதாயிற்று. பார்த்தீர்களா? முடிச்சு இருக்கிறது என்று நீதிபதிக்கே தெரிகிறது. அதைச் சாட்சியக் கூண்டில் காட்டத் தெரிந்த வக்கீல் விசாரணைக் கோர்ட்டில் இருந்தாரா என்பதுதான் விஷயம். அந்த வக்கீலை உருவாக்குவது கல்லூரியின் வேலை.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் நம் சகோதரி தமிழில் அழுகிறார்; ஏட்டு மராத்தியிலோ இந்தியிலோ எழுதுகிறார். எஃப்.ஐ.ஆரைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். படித்துக் காட்டுவது எந்த மொழியில்? புரியாத மொழியில் படித்துக் காட்டிய தாளில் வைத்த கைரேகையும் 'சம்மதம்' என்றே கணக்காகிறது. பிறகு கோர்ட்டில், "அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய்" என்று மடக்குவார்கள். நம் சேரிகளில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழும் தெரியும், தெரு மொழியும் தெரியும். அதை ஒரு தகுதியாக எந்தக் கல்லூரியாவது மதித்திருக்கிறதா?

சொத்துச் சட்டத் தாளும் விதிவிலக்கல்ல. 2025 ஜூன் முதல் தேதி டெல்லி ஜங்புராவில் நம்மவர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று கண்ட குடும்பங்களுக்கு நகரின் கோடியில் நரேலாவில் வீடு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஆக்கிரமிப்பு, மறுவாழ்வு, தகுதித் தேதி என்று இதை வகுப்பில் விளக்கிவிடலாம். ஆனால் பக்கத்துக் குடியிருப்புகளில் நடந்தே போய் வீட்டு வேலை செய்து வந்த தாய்மார்களுக்கு, நரேலா என்றால் வேலை போயிற்று என்று பொருள். காலி செய்யும் நோட்டீசில் ஆண் பெண் என்று இல்லை. அது விழுகிற இடத்தில் இருக்கிறது.

"சட்டத்தின் முன் எல்லாரும் சமம், படிப்பில் என்ன ஆண் பெண்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள். அடுத்த பக்கத்திலேயே 15ஆம் பிரிவு, பெண்களுக்காக அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்கிறது. "பொய் வழக்குப் போடவும் இது உதவுமே" என்பார் இன்னொருவர். பொய் வழக்கு திருட்டிலும் உண்டு, அடிதடியிலும் உண்டு; அதற்காகத் திருட்டைப் பற்றி வகுப்பு எடுக்காமல் இருக்கிறோமா? சாட்சியத்தை முன்முடிவு இல்லாமல் எடைபோடக் கற்றவன்தான் பொய்யையும் கண்டுபிடிப்பான். இவர்கள் இருவரையும்விட நமக்கு அதிகம் சலிப்புத் தருவது மூன்றாவது ரகம்: மார்ச் 8 அன்று ஒரு கருத்தரங்கம், ஒரு பூங்கொத்து, டீ, பிஸ்கட்டு, புகைப்படம். அத்தோடு ஆண்டு முழுவதற்கும் சமத்துவம் வந்துவிட்டது என்று கணக்கு முடிக்கிறார்களே, அவர்கள்.

பெண் சட்டம் படிப்பதையே தடுத்த நாடு இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1916-ல் கல்கத்தாவிலும் 1921-ல் பாட்னாவிலும், தகுதி பெற்ற பெண்களை வக்கீலாகப் பதிய ஐகோர்ட்டுகள் மறுத்தன. 1923ஆம் ஆண்டின் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டில் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி அம்மையார் அமர்ந்தது 1989-ல். வாசல் திறந்துவிட்டது, உள்ளே இருக்கும் பாடம்தான் இன்னும் பழைய வாசலைப் பார்த்தபடி இருக்கிறது.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பெண்கள் பற்றிய தாளை விருப்பப் பட்டியலில் விட்டுவைக்காமல் எல்லா மாணவருக்கும் பார் கவுன்சில் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்தம், சொத்து, சாட்சியம், தொழிலாளர் சட்டம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் உழைக்கிற பெண்ணின் வழக்கு பாடமாக வர வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சட்டக் கல்லூரிகளில் இலவச சட்ட உதவி நிலையங்கள் நடக்க வழிசெய்கிறது. அந்த நிலையத்தைக் கல்லூரி மாடியில் பூட்டி வைக்காமல், கையில் நோட்டோடு நம் தெருக்களுக்கு மாணவர்களை அனுப்பட்டும். அவர்கள் வந்து நமக்குச் சட்டம் சொல்வதைவிட, நம் தாய்மார்கள் அவர்களுக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று. சட்டம் படிக்கிற மகன் இந்தப் பாடத்தை எடுக்கிறேன் என்றால், "பொம்பளைப் பாடம் உனக்கு எதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள். படிக்கிற மகள், "அத்தை கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். அவள் கேட்பதில் வீட்டு ஆண்களுக்குச் சங்கடம் வரும். வரட்டும்.

தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பெண்ணாக இருந்தாலே போதும், வருமானக் கணக்கு இல்லாமல் இலவச வக்கீல் உதவி பெற அந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் உரிமை உண்டு. தாலுக்கா, மாவட்டக் கோர்ட்டுகளில் உள்ள சட்டப் பணிக் குழுவில் மனு கொடுக்கலாம். வீட்டு வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். வீடும் அந்தச் சட்டத்தில் வேலையிடம்தான்.

நம் சங்க அறையில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணி முதல், சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருப்பார்கள். விடுதலைப் பத்திரத்தின் நகல், கூலி எழுதிய நோட்டு, எஃப்.ஐ.ஆர். நகல், வீடு காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். வேறு மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்வார்கள். அசலை அவர்களிடம் விட்டுப் போக வேண்டாம்; நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தரப்படும்.